இஸ்லாத்தின் தோற்றமும் பரவலும்: திருச்சபை வரலாற்று நோக்கில்

திருச்சபை வரலாற்று நூல்கள் பலவற்றில் இஸ்லாம் ஓர் அதிகாரத்தில் மட்டும் தோன்றி மறைகின்றது. ஏழாம் நூற்றாண்டில் கீழைத் திருச்சபைகள்மீது வீசிய புயலாக அது அங்கே காட்டப்படுகிறது. நம் பிரசங்க பீடங்களிலோ அது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. வாளின் துணைகொண்டு பரப்பப்பட்ட சமயம் என்பதே அவ்வாக்கியம். இவ்வாறு கூறுதல் எளிது; கேட்போர்க்கும் அது இனிது. ஆயினும் அது முற்றிலும் உண்மைதானா என்னும் வினாவை இறையியல் பயில்வோர் ஒதுக்கிவிட இயலாது. பிறருக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை, பிற சமயத்தாரைப் பற்றிப் பேசும் வேளையிலும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. மேலும், எல்லாவற்றிற்கும் வாளே காரணம் என்று முடித்துவிட்டால், அந்நாளைய திருச்சபையின் நிலை யாது என்று ஆராய வேண்டிய தேவையே நமக்கு இல்லாமற்போகும். எனவே, இஸ்லாம் தோன்றிய சூழலையும், அதன் அடிப்படை நம்பிக்கைகளையும், அது பரவிய வழிகளையும் சுருக்கமாக நோக்கி, அவ்வரலாறு திருச்சபைக்கு உணர்த்துவது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரேபியா

ஆறாம் நூற்றாண்டில் அரேபியா இரு பேரரசுகளின் விளிம்பில் இருந்தது. வடமேற்கில் கிறிஸ்தவப் பைசாந்தியப் பேரரசும், வடகிழக்கில் சொராஸ்திர சமயத்தைச் சார்ந்த பாரசீகப் பேரரசும் ஒன்றையொன்று அழிக்க முயன்றுகொண்டிருந்தன. 602 முதல் 628 வரை நிகழ்ந்த பெரும்போரில் எருசலேம் 614-இல் பாரசீகர் வசமாயிற்று. பேரரசர் ஹெராக்ளியஸ் இறுதியில் வெற்றி கண்டாரெனினும், இரு அரசுகளும் படைவலியும் பொருள்வலியும் இழந்து நின்றன.

மக்கா மாநகர் வாணிகத்தாலும், கஅபா என்னும் வழிபாட்டிடத்தாலும் சிறப்புற்றிருந்தது. அதனை ஆண்ட குறைஷிக் குலத்தார் வாணிகத்தில் செல்வம் ஈட்டினர். மக்கள் பல தெய்வங்களை வணங்கினர். குலங்களுக்கிடையே பழிக்குப்பழி வாங்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது.

அரேபியர் கிறிஸ்துவை அறியாதவர் என்று எண்ணுதல் தவறு. சிரியாவின் எல்லையில் கஸ்ஸானிய அரேபியரும், ஈராக்கின் ஹீரா நகரில் வாழ்ந்த அரேபியருள் பலரும் கிறிஸ்தவர்களாயிருந்தனர். தெற்கே நஜ்ரானில் 523-ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவர் பலர் தம் விசுவாசத்திற்காக உயிர் நீத்தனர். எனினும் இத்திருச்சபைகளுக்கு இரு பெருங்குறைகள் இருந்தன. முதலாவது பிரிவினை. 451-இல் கூடிய கல்செதோன் மாமன்றம் கிறிஸ்துவின் இரு இயல்புகளைப் பற்றி வகுத்த கோட்பாட்டை ஏற்காத சிரிய, எகிப்தியத் திருச்சபைகளைப் பைசாந்திய அரசு ஒடுக்கி வந்தது. கல்செதோனை ஏற்காத கஸ்ஸானியத் தலைவர் அல்-முன்திரையும் ஏறத்தாழ 581-இல் அவ்வரசே சிறைப்படுத்தியது. தன் எல்லையைக் காத்துவந்த கிறிஸ்தவ அரேபியரின் வலிமையைத் தானே முறித்தது. இரண்டாவது குறை மொழியைப் பற்றியது. அரேபியக் கிறிஸ்தவர்களின் வழிபாடும் திருமறையும் பெரும்பாலும் சிரிய மொழியிலேயே இருந்தன. இஸ்லாத்திற்கு முன் நற்செய்தி நூல்கள் அரபு மொழியில் எழுதப்பட்டு வழங்கியமைக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆண்டு குறிக்கப்பட்டுள்ள மிகப் பழைய அரபு நற்செய்திச் சுவடிகள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அரேபியன் தன் தாய்மொழியில் படித்த முதற் பெருந்திருமறை குர்ஆனே ஆயிற்று. இதனை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

2. முகம்மது நபியின் வாழ்வு

முகம்மது ஏறத்தாழ கி.பி. 570-இல் மக்காவில், குறைஷிக் குலத்தின் ஹாஷிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அப்துல்லாஹ் மகன் பிறக்குமுன்பே இறந்தார். தாய் ஆமினாவும் அவருடைய இளமையிலேயே மறைந்தார். பாட்டனார் அப்துல் முத்தலிபும், பின்னர்ப் பெரிய தந்தை அபூ தாலிபும் அவரை வளர்த்தனர். அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் இரங்க வேண்டுமெனக் குர்ஆன் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவதற்கு இப்பின்னணி பொருத்தமாக அமைகின்றது. வாணிகத்தில் ஈடுபட்ட அவர், கதீஜா என்னும் செல்வமிக்க கைம்பெண்ணை மணந்தார்.

610-இல், மக்காவுக்கு அருகிலுள்ள ஹிரா குகையில் தியானத்திலிருந்தபோது, வானதூதர் ஜிப்ரீல் வாயிலாக முதல் வெளிப்பாடு தமக்கு அருளப்பட்டதாக அவர் அறிவித்தார். அதனைக் கேட்டு அவரை ஊக்குவித்தவர்களுள் கதீஜாவின் உறவினரும் கிறிஸ்தவருமான வரகா இருந்தார் என இஸ்லாமிய மரபு கூறுகிறது. இறைவன் ஒருவனே, இறுதித் தீர்ப்பு வருகின்றது, செல்வர் ஏழைகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பனவே அவருடைய தொடக்ககாலப் போதனையின் சாரம். இது மக்காவின் வழிபாட்டையும் அதனோடு பிணைந்த வருவாயையும் ஒருங்கே தாக்கியமையால் குறைஷியர் எதிர்த்தனர். 615-ஆம் ஆண்டளவில், துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் சிலர் அபிசீனியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். அவர்களுக்குப் புகலிடம் அளித்தவர் ஒரு கிறிஸ்தவ மன்னர் என்பதை அம்மரபு இன்றளவும் நன்றியோடு நினைவுகூர்கிறது.

622-இல் நபியவர்கள் தம்மைப் பின்பற்றியோருடன் யத்ரிபுக்குச் சென்றார். மதீனா எனப் பெயர்பெற்ற அந்நகருக்கு அவர் சென்ற ஆண்டே முஸ்லிம் ஆண்டுக் கணக்கின் தொடக்கமாயிற்று. மக்காவில் போதகராக மட்டும் இருந்தவர், மதீனாவில் ஒரு சமுதாயத்தின் தலைவரும் நீதிபதியும் படைத்தலைவருமானார். 624-இல் பத்ருப் போரும், 625-இல் உஹதுப் போரும், 627-இல் அகழிப் போரும் நிகழ்ந்தன. மதீனாவின் யூதக் குலங்களோடு ஏற்பட்ட முரண்பாட்டில் இரு குலங்கள் வெளியேற்றப்பட்டன. பனூ குறைழாக் குலத்தின் ஆடவர் 627-இல் கொல்லப்பட்டனர். 630-இல் மக்கா பெரிய எதிர்ப்பின்றி வசமாயிற்று. பகைவர் பெரும்பாலோர் மன்னிக்கப்பட்டனர். கஅபாவிலிருந்த சிலைகள் அகற்றப்பட்டன. 632-இல் நபியவர்கள் மதீனாவில் காலமானார்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கிறிஸ்தவத் திருச்சபை முதல் மூன்று நூற்றாண்டுகள் அரசதிகாரமின்றி, பலமுறை அரசின் துன்புறுத்தலுக்கு உள்ளாகி வளர்ந்தது. இஸ்லாமோ அதன் நிறுவனரின் வாழ்நாளிலேயே ஆட்சியமைப்பைப் பெற்றது. ஆகவே இஸ்லாத்தில் சமயமும் சட்டமும் சமுதாயமும் பிரிக்கவொண்ணாதவாறு இணைந்துள்ளன. இதனை விளங்கிக்கொள்ளாதவர் அதன் வரலாற்றையும் விளங்கிக்கொள்ளார்.

3. அடிப்படை நம்பிக்கைகளும் கடமைகளும்

இஸ்லாம் என்னும் சொல் இறைவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தலைக் குறிக்கும். அதன் நடுநாயகமான கோட்பாடு இறைவனின் ஒருமை. அவனுக்கு இணைவைத்தலே பாவங்கள் அனைத்திலும் பெரிது. இதனோடு வானவர், இறைநூல்கள், இறைத்தூதர்கள், இறுதி நாள், இறைவன் வகுத்த விதி ஆகியவற்றையும் முஸ்லிம்கள் நம்புகின்றனர். ஆதாம், நோவா, ஆபிரகாம், மோசே, தாவீது, இயேசு ஆகியோர் தூதர்கள் எனப் போற்றப்படுகின்றனர். முகம்மது நபி இறுதித் தூதராக ஏற்றுக்கொள்ளப்படுகிறார். 114 அதிகாரங்களைக் கொண்ட குர்ஆன், இறைவனின் சொல்லேயன்றி நபியின் சொல்லன்று என்பது அவர்கள் கொள்கை. மூன்றாம் கலீபா உதுமான் காலத்தில், ஏறத்தாழ 650-இல், அதன் பாடம் ஒருமுகப்படுத்தப்பட்டது என அவர்களுடைய மரபு கூறுகிறது.

கடமைகள் ஐந்து. இறைவனின் ஒருமையையும் முகம்மதின் தூதையும் அறிக்கையிடும் கலிமா, நாள்தோறும் ஐவேளைத் தொழுகை, செல்வத்தில் ஒரு பகுதியை வறியோர்க்கு அளிக்கும் ஸகாத், ரமலான் மாத நோன்பு, இயன்றோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மேற்கொள்ள வேண்டிய மக்கா யாத்திரை என்பன அவை. இவற்றின் எளிமையும் ஒழுங்கும் கருதத்தக்கவை. குருவர்க்கத்தின் இடையீடு இன்றி, கல்லாதவனும் அரசனும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழும் அமைப்பு, சாதியாலும் பதவியாலும் பிளவுண்ட சமுதாயங்களில் எத்தகைய கவர்ச்சியைப் பெற்றிருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

இயேசுவைப் பற்றிக் குர்ஆன் உயர்வாகவே பேசுகின்றது. அவர் கன்னி மரியாளிடம் பிறந்ததையும், அற்புதங்கள் செய்ததையும், மேசியா என்னும் பட்டத்தையும் அது ஏற்கின்றது. ஆனால் அவர் இறைமகன் என்பதை மறுக்கிறது. அவர் சிலுவையில் மரித்தார் என்பதை மறுப்பதாகவே முஸ்லிம் உரையாசிரியர் பெரும்பாலோர் நான்காம் அதிகாரத்திற்குப் பொருள் கொள்கின்றனர். நமக்கும் அவர்களுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இங்கேதான் உள்ளது. இதனை மழுப்புவது அன்பாகாது. அதே வேளையில், மூன்று கடவுளரை நாம் வணங்குகிறோம் என்று அவர்கள் கருதி மறுக்கும்போது, அக்கருத்தை நாமும் மறுக்கிறோம் என்பதைத் தெளிவாக எடுத்துரைக்கும் பொறுப்பு நம்முடையது.

4. அரசு பரவியதும் சமயம் பரவியதும்

நபியின் மறைவுக்குப்பின் அபூபக்கர், உமர், உதுமான், அலி ஆகியோர் முறையே 661 வரை கலீபாக்களாக ஆண்டனர். 636-இல் யர்மூக் போரில் பைசாந்தியப் படை தோற்றது. சில ஆண்டுகளில் எருசலேம் பணிந்தது. அதன் பேராயர் சொப்ரோனியுஸ் நகரை ஒப்படைத்தார். 639-இல் தொடங்கிய எகிப்துப் படையெடுப்பு 642-க்குள் நிறைவுற்றது. பாரசீகத்தின் கடைசிச் சாசானிய மன்னர் 651-இல் கொல்லப்பட்டார். 698-இல் கார்த்தேஜ் வீழ்ந்தது. 711-இல் ஸ்பெயினுக்குள் படைகள் நுழைந்தன. 732-இல் பிரான்சு நாட்டில் தடுக்கப்பட்டன. இந்த ஆட்சிப் பரவல் வாளால் நிகழ்ந்ததே. இதில் ஐயமில்லை.

ஆனால் ஆட்சி பரவியது வேறு, சமயம் பரவியது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே நம் பிழைகளுக்கெல்லாம் வேர். வென்ற அரேபியர், கிறிஸ்தவரையும் யூதரையும் திருமறையுடைய மக்களாகக் கருதி, ஜிஸ்யா என்னும் தலைவரியைப் பெற்றுக்கொண்டு அவரவர் சமயத்தில் விட்டனர். சமயத்தில் வற்புறுத்தல் ஆகாது என்னும் கருத்து குர்ஆனின் இரண்டாம் அதிகாரத்திலேயே உள்ளது. உமையா ஆட்சியின் அதிகாரிகள் சிலர், வரி குறையும் என்பதற்காக மதம் மாறியவரிடமும் ஜிஸ்யாவைத் தொடர்ந்து பெற்றனர். 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா இரண்டாம் உமர் இதனைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. அமெரிக்க வரலாற்றறிஞர் ரிச்சர்டு புல்லியட், பழைய வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்புகளில் காணும் பெயர் மாற்றங்களை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட நூலில், மதமாற்றம் பல தலைமுறைகளாக மெல்ல நிகழ்ந்தது என்று காட்டினார்.

இக்காலத்தில் திருச்சபை ஊமையாக இருக்கவில்லை. தமஸ்குவின் யோவான் கலீபாக்களின் ஆட்சியில் வாழ்ந்துகொண்டே இறையியல் நூல்கள் எழுதினார். பக்தாதில் கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் தீமோத்தேயு, ஏறத்தாழ 781-இல் கலீபா அல்-மஹ்தியுடன் சமயம்பற்றி உரையாடினார். அவ்வுரையாடல் எழுத்தில் நிலைபெற்றுள்ளது. இருண்ட வீட்டில் விழுந்த முத்தை ஒவ்வொருவரும் தம் கையிலுள்ளதாக எண்ணுவர், விடிந்தபின்னரே உண்மை தெரியும் என்னும் பொருள்பட அவர் கூறிய உவமை குறிப்பிடத்தக்கது. தம் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காமலும் கேட்பவரை இகழாமலும் பேசிய அவர் முறை இன்றும் பயிலத்தக்கது. 873-இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ மருத்துவர் கிரேக்க மருத்துவ நூல்களைச் சிரிய மொழிக்கும் அரபுக்கும் பெயர்த்தார்.

இதனால் எங்கும் அமைதியே நிலவியது என்று கூறுவதும் வரலாறாகாது. ஜிஸ்யா செலுத்தியோர் சம குடிமக்களாக நடத்தப்படவில்லை. புதிய ஆலயம் கட்டத் தடைகள் இருந்தன. இஸ்லாத்தை விட்டு நீங்குவோர்க்குச் சட்டம் மரண தண்டனை விதித்தது. 1009-இல் கலீபா அல்-ஹாகிம் எருசலேமின் கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் செய்தார். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் தைமூரின் படையெடுப்புகள் கீழைத் திருச்சபையைச் சிதைத்தன. ஆனால் 1099-இல் எருசலேமைக் கைப்பற்றிய சிலுவைப் போராளிகள் அந்நகர முஸ்லிம்களையும் யூதர்களையும் படுகொலை செய்ததும், 1609-க்கும் 1614-க்கும் இடையே ஸ்பெயின் அரசு, முன்னோர் முஸ்லிம்களாயிருந்து வலிந்து திருமுழுக்குப் பெற்ற மக்களை நாடு கடத்தியதும் வரலாறே. ஒரு தட்டை மட்டும் ஏற்றிக் காட்டும் தராசு நேர்மையான தராசன்று.

5. இரு திருச்சபைகள், இரு முடிவுகள்

ஒரே படையெடுப்பு எகிப்தையும் வட ஆப்பிரிக்காவையும் அடைந்தது. ஆனால் அவ்விரு திருச்சபைகளின் முடிவு ஒன்றாக இல்லை.

வட ஆப்பிரிக்கத் திருச்சபை தெர்த்துல்லியன், சிப்பிரியான், அகஸ்தீன் ஆகிய பேரறிஞர்களை ஈன்றது. 411-இல் கார்த்தேஜில் கூடிய மாநாட்டில் கத்தோலிக்கத் தரப்பிலும் தொனாத்தியத் தரப்பிலுமாக 550-க்கும் மேற்பட்ட பேராயர்கள் பங்குகொண்டனர். இவ்வெண் அத்திருச்சபையின் பரப்பைக் காட்டுகிறது. அதன் பிளவையும் காட்டுகிறது. பின்னர் வந்த வண்டாலியர் ஆட்சி அதனை மேலும் நலிவித்தது. 1076-இல், ஒரு பேராயரை அருட்பொழிவு செய்யத் தேவையான மூன்று பேராயர்கள்கூட ஆப்பிரிக்காவில் இல்லை என்று போப்பு ஏழாம் கிரகோரி வருந்தி எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்மொஹதுகளின் கொடிய ஆட்சி எஞ்சியதையும் அழித்தது. ஆயின் அதற்குமுன் நானூறு ஆண்டுகளாகவே அத்திருச்சபை தேய்ந்து வந்தது என்பதை மறத்தலாகாது.

எகிப்திலோ பைசாந்திய அரசால் துரத்தப்பட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தலைமறைவாயிருந்த கோப்தியத் தலைவர் பென்யமீனை, அரேபியப் படைத்தலைவர் அம்ரு மீண்டும் தம் பீடத்திற்கு வரச்செய்தார். பின்னாளில் வரிச்சுமையும், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்து அடக்கப்பட்ட கலகங்களும், மம்லூக்குகள் காலத்து ஒடுக்குமுறையும் கோப்தியரைப் பெரிதும் குறைத்தன. எனினும் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அத்திருச்சபை வாழ்கின்றது.

வேறுபாட்டிற்குக் காரணம் யாது? வட ஆப்பிரிக்காவில் திருச்சபையின் மொழி இலத்தீன். அது நகரத்தாரின், நிலவுடைமையாளரின் மொழி. உள்நாட்டுப் பெர்பெர் மக்களின் மொழியில் திருமறை பெயர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. உரோம ஆட்சி சரிந்தபோது, அதனோடு பிணைந்திருந்த நகரத் திருச்சபையும் சரிந்தது. பலர் கடல் கடந்து இத்தாலிக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். எகிப்தில் திருமறை கோப்தியில் இருந்தது. வழிபாடு உழவனின் மொழியில் நடந்தது. பாலைவனத் துறவுமடங்கள் அரசின் துணையின்றி வாழப் பழகியிருந்தன. கோப்திய மொழியே வழக்கொழியத் தொடங்கியபோது, அத்திருச்சபை அரபு மொழியில் இறையியல் எழுதக் கற்றுக்கொண்டது. சிரிய, ஆர்மீனியத் திருச்சபைகளின் வரலாறும் இதனையே உறுதிசெய்கின்றது. பிற காரணங்களும் உண்டெனினும், மக்களின் மொழியில் வேரூன்றிய திருச்சபை அரசு மாறினும் நின்றது என்பது தெளிவு.

6. வணிகரும் ஞானியரும்

இஸ்லாம் பரவிய பல நாடுகளுக்கு அரேபியப் படை செல்லவேயில்லை. இந்தோனேசியத் தீவுகளில் அது வணிகராலும் சூஃபி ஞானியராலும் பரவிற்று. சுமத்திராவின் பாசை நாட்டு முதல் முஸ்லிம் அரசர் மலிக் அல்-சாலிஹின் கல்லறைக்கல் 1297-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திலும், முஸ்லிம் அரசுகளின் தலைநகராகப் பல நூற்றாண்டுகள் விளங்கிய தில்லியைச் சுற்றிய பகுதியில் முஸ்லிம்கள் சிறுபான்மையராகவே இருந்தனர். தொலைவிலுள்ள கிழக்கு வங்காளத்தில் பெரும்பான்மையராயினர். வாள் மட்டுமே காரணமாயின் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

நம் தமிழ்க் கடற்கரையும் இதற்குச் சான்று பகரும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களில் இஸ்லாம் வாணிகத்தோடு வந்து வேர்கொண்டது. மதுரையில் பதினான்காம் நூற்றாண்டில் சில பத்தாண்டுகள் நிலவிய சுல்தான் ஆட்சி மறைந்தது. கடற்கரை முஸ்லிம் சமுதாயமோ தழைத்தது. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் என அச்சமுதாயம் தன் வழிபாட்டின் உயிர்நாடியான சொற்களைத் தமிழிலேயே அமைத்துக்கொண்டது. உமறுப் புலவர் நபியின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்னும் தமிழ்க் காப்பியமாக யாத்தார். ஜெபம், உபவாசம், ஞானஸ்நானம் என வடசொற்களை நெடுங்காலம் வழங்கிவந்த நாம் இதனைக் கருத்திற்கொள்வது நன்று.

7. முடிவுரை

இவ்வரலாறு திருப்பணியாளர்க்கு மூன்று பாடங்களைத் தருகின்றது. முதலாவது, பிரசங்க பீடத்தில் உண்மை பேசுதல். வாளால் நிகழ்ந்ததை மறைக்கவும் வேண்டா. வாளால் நிகழாததை வாளின்மேல் ஏற்றவும் வேண்டா. நம் சபையாரின் அடுத்த வீட்டில் வாழும் முஸ்லிமைப் பற்றி நாம் கூறும் ஒவ்வொரு சொல்லும், அவர் முன்னிலையிலும் கூறக்கூடியதாயிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, அரசின் ஆதரவை நம்பிய திருச்சபை அரசு வீழ்ந்தபோது வீழ்ந்தது. பிரிந்து ஒடுக்கிய திருச்சபை தன் சகோதரரைத் தானே அந்நியராக்கிற்று. கல்செதோனுக்குப்பின் நிகழ்ந்தவை நம் சபைப் பிரிவினைகளுக்கும் சாதிப் பிரிவினைகளுக்கும் எச்சரிக்கையாகும். ஒரே பந்தியில் அமர மறுக்கும் சபை, ஒரே வரிசையில் நின்று தொழுவோருக்கு எந்த நற்செய்தியை அறிவிக்கும்?

மூன்றாவது, மக்களின் மொழியில் திருமறையும் வழிபாடும் இறையியலும். அரேபியர்க்கு அவர்கள் மொழியில் நற்செய்தியை அளிக்கத் திருச்சபை காலந்தாழ்த்தியது. அத்தவற்றை உணர்ந்தவருள் ஒருவர் ஹென்றி மார்ட்டின். 1812-இல் பாரசீக மொழியில் புதிய ஏற்பாட்டின் பெயர்ப்பை முடித்து, அவ்வாண்டிலேயே துருக்கி நாட்டுத் தோக்காத்தில் தம் முப்பத்தொன்றாம் வயதில் அவர் மரித்தார். அவர் பெயரால் 1930-இல் இலாகூரில் தொடங்கப்பட்டுப் பின்னர் ஐதராபாத்தில் நிலைபெற்ற நிறுவனம், முஸ்லிம்களை அறிந்து அவர்களோடு உறவாடும் பணியைக் கற்பித்து வந்துள்ளது.

இஸ்லாம் நம்மிடம் எழுப்பும் வினா இறுதியில் கிறிஸ்துவைப் பற்றியது. அவர் யார், சிலுவையில் நிகழ்ந்தது யாது என்று அது கேட்கிறது. இதற்கு வாதத்தால் மட்டும் விடையளித்தல் இயலாது. சிலுவையை மறுப்போர்முன், சிலுவையின் வழியில் நடக்கும் ஒரு சமுதாயமாகத் திருச்சபை விளங்குமாயின் அதுவே விடையாகும். அத்தகைய சாட்சியத்திற்கு நம் மாணவர்களை ஆயத்தம் செய்வது இறையியற் கல்வியின் கடமை எனக் கூறி இதனை முடிக்கின்றோம்.